மூன்று நாள் வைத்துப் பார்த்த வைரம்

குமணன்சாவடியில் பஸ் நின்றதும், வழியை மறித்துக்கொண்டு நின்ற ஆளை முழங்கையால் ஓர் இடி இடித்துவிட்டுத்தான் சொர்ணம் இறங்கினாள். பங்குனி மாத வெயில் மண்டையைப் பிளந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பூந்தமல்லிப் பக்கம் விடுவிடுவென்று நடந்தாள். அவள் நடையைப் பார்த்தால் யாரோ அவளிடம் வசமாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று தோன்றும்.

ஆவடி குவார்ட்டர்ஸில் சொர்ணத்தின் வாய்க்குப் பயப்படாதவர்கள் யாரும் இல்லை. அப்பா ராணுவச் சீருடை தைக்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்து, வேலையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். அவருடைய இடத்தில் மகளுக்கு வேலை கொடுத்தார்கள். தங்கை புஷ்பா அப்போது பாவாடை கட்டிய சின்னப் பெண். அவளை வளர்க்கிற மும்முரத்தில் சொர்ணத்தின் கல்யாணப் பேச்சை எடுக்க ஆளே இல்லாமல் போயிற்று. ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட அவளைப் பெண் பார்க்க வந்து பஜ்ஜி தின்றதில்லை. இப்போது வயது முப்பத்தெட்டு. "ஐயோ பாவம்" என்று யாராவது அவள் காதுபட ஆரம்பித்தால், அவர்கள் தலைமுறைக்கே அர்ச்சனை நடக்கும்.

புஷ்பாவுக்கு நல்ல இடம் வந்திருந்தது. மாப்பிள்ளை பால்ராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. தங்கமான பையன். ஆனால் அவன் அம்மா ஜெகதாம்பாள் இருக்கிறாளே, அவளுக்கு சினிமாப் பைத்தியம். நிச்சயத்தன்று சபை நடுவில் மாப்பிள்ளை பெண்ணுக்கு மோதிரம் போட்டுவிட வேண்டுமாம். அதுவும் வைர மோதிரமாம். போடுவது மாப்பிள்ளை, வாங்குவது பெண் வீடு! கூடவே ஒரு புத்திமதி வேறு.

"வைரத்த ஊட்டுக்கு எட்தாந்து மூணு நாள் பொண்ணு தலகாணிக்கு அடியில வெச்சுப் பாத்துட்டு அப்பால வாங்கு சொர்ணம். ஒத்துகிச்சின்னா குடும்பத்த தூக்கி உடும். ஒத்துக்கலேன்னா வேரோட புடுங்கிடும்."

அது எல்லாரும் செய்கிற வழக்கம்தான். நல்லது நடந்தால் வைத்துக்கொள்வது, கெட்ட கனவு வந்தால் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. விற்கிறவர்களும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பூந்தமல்லியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று ஆஸ்திரேலியாவுக்குப் போகிறது, வீட்டுச் சாமான்களை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள், நகைகூட இருக்கிறது என்று கூட வேலை பார்க்கிறவள் சொல்ல, சொர்ணம் கிளம்பிவிட்டாள்.

பங்களா ஒரு சந்தின் கோடியில் இருந்தது. தூங்குமூஞ்சி மரம் கூரை முழுக்கக் கவிந்திருந்ததால் பட்டப்பகலிலும் உள்ளே விளக்கு வேண்டியிருந்தது. கதவைத் திறந்தவர் பட்லர் வேம்புலி. நரைத்த மீசை, முழங்கை தேய்ந்த வெள்ளைக் கோட்டு.

ஹாலில் ஏறக்குறைய ஒன்றுமே மிச்சமில்லை. பீரோக்கள் நின்ற இடம் தரையில் தடமாகத் தெரிந்தது. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாக இருந்தன. ஜன்னலோரம் ஒரே ஒரு பிரம்பு நாற்காலி. வந்தவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய், அதை மட்டும் ஏன் விட்டார்களோ தெரியவில்லை.

ஒரு வாசனையும் இருந்தது. துரைமார்கள் கைக்குட்டையில் தெளித்துக்கொள்கிற சென்ட். அதற்கு அடியில் வேறு ஒன்று. கோடையில் ஏரி வற்றும்போது சேற்றிலிருந்து கிளம்புமே, அந்த நாற்றம்.

"பெரியவரே, ஊட்டுக்குள்ள எங்கனா தண்ணி தேங்கிகீதா?"

"இல்லமா," என்றார் வேம்புலி. அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மேஜை இல்லாததால் தரையில் ஒரு துணியை விரித்து, தோல் பெட்டியைத் திறந்து வைத்தார். இரண்டு மோதிரங்கள். ஒன்றில் நடுவில் ஒரு கல்லும் அதைச் சுற்றி ஆறு கல்லும் பூ மாதிரி. நம் ஊர் ஏழு கல் தோட்டைக் கழற்றி மோதிரத்தில் வைத்தது போல இருந்தது. இன்னொன்று விரல் நீளத்துக்குப் படகு வடிவம், விளிம்பெல்லாம் பொடிக் கல். இரண்டுமே சொர்ணத்துக்குப் பிடிக்கவில்லை. பெட்டியின் அடித்தட்டில் பழைய கைக்குட்டை ஒன்று சுருண்டு கிடந்தது. அதை எடுத்துப் பிரித்தாள்.

"அது வோணாம்மா," என்றார் வேம்புலி அவசரமாக.

அதற்குள் அது அவள் கையில் இருந்தது.

ஒற்றைக் கல். பட்டாணி அளவு. வளையத்தின் இரண்டு பக்கமும் இரண்டு கைகளாகச் செதுக்கியிருந்தார்கள். ஒன்று ஆண் கை, மணிக்கட்டில் சட்டைப் பித்தான்கூடத் தெரிந்தது. மற்றது பெண் கை, சரிகை விளிம்பு வைத்த ரவிக்கை. இரண்டு கைகளும் சேர்ந்து கல்லை ஏந்திக்கொண்டிருந்தன. ஆயுள் முழுக்க ஊசி பிடித்த சொர்ணத்துக்கு நல்ல வேலைப்பாட்டைப் பார்த்தால் தெரியும். வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, பெண்பிள்ளைகள் எல்லாரும் செய்கிறதைத்தான் அவளும் செய்தாள். போட்டுப் பார்த்தாள்.

அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது.

வேம்புலி அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், ஜன்னலோர நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயட்டிடும்மா," என்றார் குரலைத் தாழ்த்தி. "இது பெரிய தொர டெரன்ஸோடது. ஒரு பொண்ணுக்கு குடுக்கறதுக்குன்னு வாங்கினது. அவரு போய்ச் சேந்து வர்சம் ஆவுது."

"அதுக்கு இன்னா? செத்தவங்க பொருள வாங்காதவங்க யாருகீறாங்க? மூணு நாள் ஊட்ல வெச்சுப் பாக்கறேன். ஒத்துகிச்சின்னா வாங்கிக்கறேன், இல்லேன்னா கொண்டாந்து குட்த்துடறேன்."

"அந்தப் பேச்சே இங்க கெடையாதும்மா. இவங்க ஜனத்துல மோதிரத்த ஒரு பொண்ணு கைநீட்டி வாங்கிக்கினான்னா சம்மதம்னு அர்த்தம். வோணாம்னா அந்த இடத்துலயே வோணாம்னு சொல்லிடணும். ஊட்டுக்கு எட்தும்போய் வெச்சுப் பாக்கறதெல்லாம்..."

"அது அவங்க வழக்கம். இது எங்க வழக்கம். நான் இன்னா தொரையயா கட்டிக்கப் போறேன்?" என்று சொர்ணம் சிரித்தாள். நம்பிக்கைக்குத் தன் காதுக் கம்மலைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். வேம்புலி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, பேசாமல் கதவைத் திறந்துவிட்டார். அது அந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்கிற மாதிரி இருந்தது அவர் முகம்.

படி இறங்கும்போது பின்னால் பிரம்பு நாற்காலி கிரீச்சென்றது.

ஆவடி மார்க்கெட்டில் பத்தர் கோதண்டத்திடம் மோதிரத்தைக் காட்டினாள். அவளுக்கு ஒரு சந்தேகம். கல்லின் நட்டநடுவில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. கரும்புள்ளி வைரத்தைக் கையால் தொடக்கூடாது என்று யாருக்குத்தான் தெரியாது?

கோதண்டம் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புள்ளி இல்ல சொர்ணம்மா. இது பயங்காலத்துப் பட்டை, கையால தீட்னது. அப்பல்லாம் கல்லோட அடி முனையச் சீவி உட்ருவாங்க. மேலேர்ந்து பாத்தா ஓட்டை மாதிரி தெரியும், அவ்ளோதான். கட்டறதும் நம்மள மாதிரி பின்னால தகடு வெச்சு மூட மாட்டாங்க. தொறந்தே உட்டு, நகம் மாரி சின்னக் கம்பி வெச்சுப் புடிச்சுப்பாங்க. மெயுகுவத்தி வெளிச்சம் ரெண்டு பக்கமும் பூந்து வரணும்னு செஞ்சது. ஒரு குத்தமும் இல்ல, தைரியமா எட்தும்போ."

குற்றம் இல்லை என்று பத்தரே சொன்ன பிறகு என்ன? சொர்ணத்துக்கு மனசு லேசாயிற்று. ஆனாலும் ஒரு விஷயம் அவளை உறுத்தியது. கல்லை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தப் புள்ளி அவள் பக்கமே இருந்தது.

வீட்டுக்கு வந்து மோதிரத்தை மஞ்சள் துணியில் முடிந்து புஷ்பாவின் தலையணைக்கு அடியில் வைத்தாள். "நல்ல கனவா காணுடி," என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் பக்கத்துப் பாயில் படுத்தாள்.

காலையில் புஷ்பா காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி பேய் மாரி முயிக்கிற?"

"ஒரு கெனவுக்கா. நம்ம வாசப்படியில ஒருத்தரு நின்னுகினே இருந்தாரு. கோட்டு, தொப்பி. ஒடம்பெல்லாம் சொட்ட சொட்ட நனைஞ்சு. உள்ள வரலாமான்னு ரொம்ப மரியாதையா கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"என்னக் கேக்கலியே. உன்னத்தான் கேட்டாரு."

"சர்தான். கெனவுலகூட எனக்குத்தான் வேல," என்று சொர்ணம் சிரித்தாள்.

புஷ்பா சிரிக்கவில்லை. "நான் பயந்துகினு முயிச்சிக்கினேன்க்கா. நீ தூங்கிகினு இருந்த. தூக்கத்துலயே, உள்ள வாங்கன்னு சொன்ன."

சொர்ணத்தின் சிரிப்பு அப்படியே நின்றது.

வேலைக்குப் போயும் கை ஓடவில்லை. தையல் மெஷினின் சத்தத்துக்கு நடுவிலும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கனவு கெட்ட கனவா? அடித்ததா, பிடித்ததா, ஒன்றும் இல்லையே. மரியாதையாகத்தானே கேட்டது? நல்ல சம்பந்தம் ஒரு மோதிரத்தால் கெட்டுப்போகக் கூடாது. இன்னும் இரண்டு நாள்தானே, பார்த்துவிடலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியபோது, வாசலிலிருந்து கூடத்து நாற்காலி வரைக்கும் தரையில் ஈரமாக இருந்தது. பூட்ஸ் தடம். புஷ்பாவோ அடுக்களையை விட்டு வெளியே வந்திருக்கவில்லை. சொர்ணம் துணியை எடுத்துத் துடைத்தாள். துணியில் பச்சையாகப் பாசி ஒட்டியது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு பால்ராஜ் வந்தான். கையில் தாமரை இலையில் கட்டிய மல்லிகைப் பூ. வாசலில் செருப்பைக் கழற்றியவன் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு அப்படியே நின்றான்.

"வா தம்பி, இன்னா அங்கயே நின்னுகினுகீற?"

"உள்ள யாருக்கா அது?"

"யாருமில்லையே. நானும் புஷ்பாவும்தான்."

பால்ராஜ் அவளைப் பார்க்கவில்லை. அவன் கண் நாற்காலியிலேயே இருந்தது. பிறகு அந்தக் கண்கள் மெதுவாக மேலே போயின. உட்கார்ந்திருக்கிற ஒருவர் எழுந்து நின்றால் பார்ப்போமே, அப்படி.

"அக்கா," என்றான். "அவரு கிட்ட வராருக்கா."

பூவை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினான். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாசனை கூடம் முழுக்க நிறைந்திருந்தது. சென்ட், அடியில் சேறு. சொர்ணம் ஓடிப்போய் தலையணைக்கு அடியிலிருந்து முடிச்சை எடுத்துப் பரணில் அரிசிப்பானைக்குள் புதைத்தாள். தங்கையைப் பக்கத்தில் அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தே இரவைக் கழித்தாள்.

மறுநாள் முதல் ரயிலிலேயே ஜெகதாம்பாள் வந்து சேர்ந்தாள். தலை வாரவில்லை, புடவையைச் சுற்றியபடி ஓடி வந்திருக்கிறாள். வாசலில் நின்றே கத்த ஆரம்பித்தாள்.

"யாருடி அந்த ஆளு? உங்க ஊட்ல எவன குந்த வெச்சுகினுகீறீங்க?"

"சம்மந்தியம்மா, உள்ள வாங்க, மெதுவா பேசுங்க..."

"இன்னாத்த மெதுவா! எம்புள்ள கட்டில்ல படுத்துகினே முயுவறான்டி!" அவள் மார்பில் அடித்துக்கொண்டாள். "வாயில தண்ணி, மூக்குல தண்ணி. பாசியோட வருது. டாக்டரு நெஞ்சில சளின்றாரு. சளியா அது? ஏரித் தண்ணி! எனுக்கு நாத்தம் தெரியாதா? மூச்சு வுட மேல வரான், மறுக்கா உள்ள போறான். யாரோ தலையப் புடிச்சு அயுத்தற மாரி."

புஷ்பா சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். ஜெகதாம்பாளின் கோபம் அதைப் பார்த்ததும் அழுகையாக மாறியது. "சொர்ணம், உன் கால்ல உயறேன். இன்னா பண்ணியோ எனுக்குத் தெரியாது. எனுக்கு இந்த ஒரு புள்ளதான். அவனக் குட்த்துடு."

சொர்ணம் பரணில் ஏறி அரிசிப்பானைக்குள் கையை விட்டாள். அரிசி நனைந்து ஊறிப்போயிருந்தது.

பூந்தமல்லி போய்ச் சேரும்போது உச்சி வெயில். வேம்புலி கேட்டருகிலேயே நின்றிருந்தார். அவள் வருவாள் என்று தெரிந்த மாதிரி, கம்மலைக் கையில் வைத்துக்கொண்டு.

"இந்தா, உன் மோதிரம்! எடுத்துக்க!" என்று சொர்ணம் நீட்டினாள்.

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"திருப்பிக் குடுக்கற வேல மட்டும் வெச்சுக்காதம்மா. அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது." வேம்புலி குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "தொர ஒரு டீச்சரம்மாவ விரும்பினாரு. இதே மோதிரத்த குட்த்தாரு. அந்தம்மா வாங்கிக்கினு, யோசிச்சு சொல்றேன்னு போச்சு. தொர சம்மதம்னே நெனச்சுகினு ஊட்டுக்கெல்லாம் வெள்ளையடிச்சாரு. நாலு நாள் கயிச்சு மோதிரம் மட்டும் திரும்பி வந்துச்சு. சாப்புட்ட கைய தொடச்சாரு, தொப்பிய எட்தாரு, செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போனாரு. நாங்க போயி தூக்கியாந்தோம்."

"அதுக்கு எங்க ஊட்டுப் புள்ள இன்னா பண்ணுச்சு?"

"அவரோட தங்கச்சி மவன் இன்னா பண்ணாரு? அவரும் இதத்தான் தான் கட்டிக்க இருந்த பொண்ணுக்குக் குட்த்தாரு. அந்தப் பொண்ணு போட்டுப் பாத்துட்டு, பயய மாடலு, வோணாம்னு கயட்டிக் குட்த்துட்டா. அவ ஒடம்புக்கு ஒண்ணும் ஆவல. மோதிரத்தக் குட்த்த இவருதான் மெத்தையிலயே முயுவிப் பூட்டாரு. அதுக்கப்புறம்தான் மிச்சம் கீறவங்க ஊரே வோணாம்னு கப்பல் ஏறாங்க."

வேம்புலி அவளை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தார். "யாரு கையில வாங்கினது, யாரு போட்டுப் பாத்ததுன்னு அவருக்குத் தெரியும்மா. அவரு மனசுல இது உனக்குக் குட்த்த மோதிரம். அத இன்னொருத்தன் எட்து இன்னொருத்திக்குப் போடப் போறான்னா சும்மா வுடுவாரா?"

சொர்ணம் படியிலேயே உட்கார்ந்தாள்.

ஆக, தங்கையைத் தேடி வரவில்லை. சொர்ணத்தைத்தான் தேடி வந்திருக்கிறது. இந்த முப்பத்தெட்டு வயதுவரை எவனும் ஏறிட்டுப் பார்க்காதவளை. அந்தப் பயத்துக்கு நடுவில், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு துளி, ஒரே ஒரு துளி சந்தோஷமும் அவளுக்கு இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அங்கே அம்பத்தூரில் ஒரு பையன் கட்டிலில் மூழ்கிக்கொண்டிருக்கிறான். வீட்டில் ஒருத்தி சுவரில் சாய்ந்து கிடக்கிறாள்.

எழுந்து ஹாலுக்குள் போனாள். வேம்புலி வெளியிலேயே நின்றுவிட்டார்.

பிரம்பு நாற்காலியின் கீழே தரை ஈரமாக இருந்தது.

"இதப் பாருங்க," என்றாள் சொர்ணம். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. குவார்ட்டர்ஸில் யாரும் கேட்டிராத, தாழ்ந்த குரல். "தெரியாம பண்ண தப்பு என்னுது. எங்க வழக்கம் வேற. ஆனா வாங்கினது இந்தக் கைதான். போட்டுப் பாத்ததும் இந்தக் கைதான். எந்தங்கச்சிக்கு இதுல சம்பந்தம் இல்ல, அந்தப் புள்ளைக்கும் இல்ல. அவங்க பக்கம் நீங்க போவக்கூடாது. அவன வுட்ருங்க."

மரத்திலிருந்து ஒரு காக்கை கூடக் கத்தவில்லை.

மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டாள்.

"சம்மதம்," என்றாள்.

நாற்காலி கிரீச்சென்றது. உட்கார்ந்திருந்த பாரம் எழுந்துகொள்கிற சத்தம்.

அவள் திரும்பி நடந்தாள். வாசலில் மூன்று படிகள், நடுப்படி உடைந்திருந்தது. கால் தடுக்கப்போன சமயம், முழங்கைக்குக் கீழே ஒரு கை அவளைத் தாங்கியது. சில்லென்று, ஈரமாக, ரொம்ப மரியாதையாக. அப்படி அவளை யாரும் தாங்கியதே இல்லை. சொர்ணம் வாய்விட்டு அழுதாள்.

அன்றைக்கு மத்தியானமே பால்ராஜுக்கு மூச்சு சீரானது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டானாம். கல் ஒத்துக்கொள்ளவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொர்ணம் சொன்னபோது ஒரு கேள்விகூட வரவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல! நல்ல வேளை வெச்சுப் பாத்தோம்!" என்று ஜெகதாம்பாள் ஊர் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டாள். தன் பையன் பிழைத்ததே தான் சொன்ன யோசனையால்தான் என்பது அவள் கட்சி. வைரப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை குவார்ட்டர்ஸ் தெருவில் பந்தல் போட்டு நிச்சயம் நடந்தது. பால்ராஜ் சாதாரணத் தங்க மோதிரத்தை எடுத்துப் புஷ்பாவின் விரலில் போட்டான். எல்லாரும் கை தட்டினார்கள். புஷ்பாவின் முகம் அப்படிப் பூரித்துப்போய்ச் சொர்ணம் பார்த்ததே இல்லை. அது போதும் என்று நினைத்துக்கொண்டாள். இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே வந்தவர்களை உபசரித்தாள். கல் உள்ளங்கைப் பக்கம் திரும்பியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

எல்லாரும் சாப்பிட்ட பிறகு, கடைசிப் பந்தியில் அவள் உட்கார்ந்தாள். வரிசையின் கோடி இடம், பக்கத்துப் பாய் காலி. பரிமாறியவர் எதிர்வீட்டு எத்திராஜ். அவள் முன்னால் ஓர் இலை போட்டார். பக்கத்தில் இன்னோர் இலை போட்டார்.

சொர்ணம் அந்த இலையைப் பார்த்தாள். "இது யாருக்கு எத்திராஜு?"

"இன்னாக்கா இப்டி கேக்கற? உன்கூட வந்தாரே, அந்த அண்ணாத்தைக்குத்தான். கை கயுவிகினு வரேன்னாரு."

இலைக்கு நேராக, பாய் கொஞ்சம் அமுங்கியது.

பந்தல் கோடியில் புஷ்பாவும் பால்ராஜும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சொர்ணம் அவர்களைப் பார்த்தாள். பிறகு தம்ளர் தண்ணீரைச் சாய்த்துப் பக்கத்து இலையைத் தெளித்துத் துடைத்தாள்.

"மொதல்ல அவருக்குப் போடு," என்றாள்.

எத்திராஜ் போட்டுவிட்டு நகர்ந்தார். சாம்பார் வந்தது, ரசம் வந்தது. சொர்ணம் தன் இலையை விட்டு நிமிரவில்லை. பாயசம் கொண்டுவந்தபோது எத்திராஜ் ஆச்சரியமாகக் கேட்டார்.

"அதுக்குள்ள துன்ட்டு எயுந்துட்டாரா?"

பக்கத்து இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. மேல்பாதியைத் தன் பக்கமாக மடித்து ஒழுங்காக மூடியிருந்தது. இந்த வீட்டு உறவு நீடிக்கட்டும் என்று நல்ல காரியத்தில் மூடுகிற மாதிரி.

ஆனால் பாயின் அமுக்கம் எழவில்லை. ஓரத்திலிருந்து ஈரம் மெதுவாக அவள் புடவைக்குப் பரவிக்கொண்டிருந்தது. கூட உட்கார்ந்தவள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று, அவசரப்படுத்தாமல், ரொம்ப மரியாதையாகக் காத்திருந்தார்.

வரிசையில் ஒவ்வொருவராக எழுந்து கை கழுவப் போனார்கள்.

சொர்ணம் மோருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள். அதைச் சாப்பிட்டு முடித்ததும், இன்னும் கொஞ்சம் என்றாள்.